ஜூஸ் கடைக் கரும்புச் சக்கையில் அடுப்பும் உரமும்: ராமநாதபுரம் கரையோரத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ராமநாதபுரம் கரையோரத்தில் கரும்பு வயலைத் தேடினால் பனையும் சீமைக் கருவேலமும்தான் கண்ணில் படும். மானாவாரி நிலம், உவர்த் தண்ணீர். வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்கும் பயிருக்கு இங்கே இடம் இல்லை. ஆனால் கரும்புச் சக்கைக்குக் குறைவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும் கரும்பை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் தொடங்கி தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் என்று சாலையோரக் கடைகள் பிழிந்துகொண்டே இருக்கின்றன. கோடையிலும் ஆடி, தை அமாவாசைக் கூட்டத்திலும் கடைக்குப் பின்னால் சக்கை குவியும். சாயங்காலம் அது குப்பை வண்டியில் ஏறும், இல்லையென்றால் பக்கத்துப் பள்ளத்தில் புகையும்.

அந்தச் சக்கையை என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். "கரும்புக் கழிவிலிருந்து எத்தனால்" என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கிளம்பியவரா நீங்கள்? அப்படியானால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் சக்கைக்கு முதல் வேலை அடுப்பெரிப்பது. இரண்டாவது வேலை மண்ணுக்குப் போவது. மற்றதெல்லாம் அப்புறம்.

ஆலைக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு

சர்க்கரை ஆலையில் ஒரு டன் கரும்பு ஆடினால் சுமார் 300 கிலோ சக்கை வரும். அதில் பாதி ஈரம். அதோடு, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு 40 கிலோ அளவுக்கும், சாற்றைத் தெளியவைக்கும்போது அடியில் தங்கும் மண்டியும் கிடைக்கும். ஆலைக்காரர்கள் எதையும் வீணாக்குவதில்லை. சக்கையைக் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். மீந்த மின்சாரத்தை விற்கிறார்கள். மண்டி உரமாகவும் எரிவாயுவாகவும் போகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களிலிருந்து சக்கையிலேயே காகிதம் செய்கிறது.

கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். ஒரு டன் பாகில் 220 லிட்டருக்குக் குறையாமல் எடுக்கலாம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை முதலில் 2030-க்கு வைத்திருந்தார்கள். பிறகு முன்னே இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, "சரி, நம்மிடம் சக்கை இருக்கிறதே" என்று தோன்றும். சக்கையில் இருப்பது சர்க்கரை இல்லை, நார். செல்லுலோஸ் நாற்பது சதவீதத்துக்கு மேல், ஹெமிசெல்லுலோஸ் கால்வாசிக்கு மேல், இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பிடியை அமிலமோ அழுத்த நீராவியோ கொண்டு உடைத்து, நொதிகளால் சர்க்கரையாக்கி, அதற்கு அப்புறம்தான் புளிக்கவைக்க வேண்டும். நெல் வைக்கோலிலிருந்து இப்படி எத்தனால் எடுக்க இந்தியன் ஆயில் நிறுவனம் ஹரியானாவில் பானிபட்டில் அமைத்து 2022 ஆகஸ்டில் திறந்த ஆலைக்கு ஆன செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். வீட்டுக் கொல்லையில் டிரம் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. செய்தாலும் சட்டம் விடாது, எத்தனால் என்பது சாராயம்தான். உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி குற்றம். 2024-இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். எரிபொருளுக்காகத்தான் வடித்தேன் என்று ஸ்டேஷனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இனி கடைக் கணக்குக்கு வருவோம். கடை எந்திரம் ஆலை எந்திரம் அளவுக்குப் பிழியாது. 100 கிலோ கரும்பு போட்டால் ஏறத்தாழ 40 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் அது 20 கிலோவாகும். கரியாக்கினால் 4 கிலோ. இந்த மூன்று எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. "நூறு கிலோ கரும்பில் முப்பது கிலோ கரி" என்று எந்திரம் விற்க வருகிறவரிடம் காட்டுவதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

கூடவே இன்னொரு கணக்கு. காய்ந்த சக்கை கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம் தரும். விறகும் ஏறத்தாழ அதே அளவுதான். ஈரச் சக்கையோ அதில் பாதிகூடத் தராது. ஏனென்றால் தீயின் பெரும் பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். அந்த 20 கிலோ காய்ந்த சக்கையைச் சாதாரண மண் அடுப்பில் எரித்தால் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் சூடு, சுமார் ஒன்றரை கிலோ சமையல் காஸ் தருவதற்குச் சமம். அதே 20 கிலோவைக் கரியாக்கினால் மொத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கரியில் மிஞ்சும். மீதி புகையோடு போய்விடும். அதனால்தான் கரியை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். பக்கத்திலேயே அடுப்பு இருந்தால் சக்கையாகவே எரியுங்கள்.

சக்கை சேர்ப்பது

இரண்டு மூன்று கடைகளோடு மட்டும் தொடங்குங்கள். "அண்ணே, சக்கையை நாங்களே தினமும் எடுத்துக்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தலைவலி. ஆனால் சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் அவர் பள்ளத்தில் கொட்டித் தீ வைத்திருப்பார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கடைக்கு ஒரு சாக்கு நீங்களே கொடுங்கள். எலுமிச்சைத் தோல், இஞ்சி, ஸ்ட்ரா, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் அதில் விழாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். எலுமிச்சைத் தோல் உரத்துக்குக் கெடுதல் இல்லை, காயத்தான் நேரம் எடுக்கும். பிளாஸ்டிக்தான் பிரச்சினை. அடுப்பில் எரிந்தால் நஞ்சு, உரத்தில் கிடந்தால் மாட்டுக்குக் கேடு. ஒரே ஒரு டம்ளர் என்றாலும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

அன்றைய சக்கையை அன்றே எடுப்பது முக்கியம். அதில் இனிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. ராத்திரி தாண்டினால் புளித்து வாடை வரும். ஈயும் குளவியும் மொய்க்கும். கையுறை இல்லாமல் அள்ளினால் குளவி கொட்டும்.

காயவைப்பது

எல்லா வேலையிலும் பெரிய வேலை இதுதான். நான் பார்த்தவரை, இதைச் சரியாகச் செய்தவர்களுக்கு மற்றதெல்லாம் தானாக வந்தது.

மணலில் பரப்பாதீர்கள். கடற்கரை மணல் ஒட்டினால் அடுப்பில் சாம்பல் கூடும், கரி தரம் கெடும். உரத்துக்குப் போனால் உப்பும் கூடவே போகும். தார்ப்பாய் அல்லது சிமெண்டுத் தரை வேண்டும். அலை சாரல் விழும் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்திரத்திலிருந்து மடங்கி வரும் சக்கையைப் பிரித்து, மூன்று விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். காலையிலும் மதியத்திலும் புரட்டிவிடுங்கள். மார்ச் முதல் ஆகஸ்டு வரையிலான வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும்.

காற்று இங்கே நண்பன்தான், ஆனால் அளவோடு. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் காய்ந்த சக்கை பறந்து பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழும். அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்துதான். இதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது: பழைய மீன் வலை. மேலே விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தால் சக்கை அசையாது, காற்றும் வெயிலும் உள்ளே போகும். சேமித்து வைக்கும்போது கட்டுக் கட்டவும் வலைத் துண்டுகள் உதவும். எரிக்கும் முன் மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும், வலை நைலான்.

சாயங்காலம் ஆனதும் ஒதுக்கிக் குவித்து மூடுங்கள். கரையோரப் பனி ஒரே ராத்திரியில் பகல் முழுக்கக் காய்ந்ததைத் திரும்ப நனைத்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் எல்லாம் வேண்டாம். ஒரு துண்டை வளைத்தால் படக்கென்று முறிய வேண்டும். நார்நாராக மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரே சாக்கை இரண்டு நாள் அடுத்தடுத்து எடை போட்டுப் பாருங்கள். எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

அரைகுறையாகக் காய்ந்ததைக் குவித்து வைப்பதுதான் ஆபத்து. குவியலுக்குள் சூடு ஏறி பூசணம் பிடிக்கும், பெரிய குவியலானால் தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும். பூசணம் பிடித்த சக்கையின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் அழற்சி வரும். ஆலைத் தொழிலாளர்களிடம் கண்ட இந்த நோய்க்கு பாகசோசிஸ் என்றே பெயர் இருக்கிறது. பழைய குவியலைக் கிளறும்போது மூக்கையும் வாயையும் மூடும் நல்ல மாஸ்க் போடுங்கள். துண்டு கட்டிக்கொண்டால் போதாது. சேமிக்கும் இடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீற்றுக் கொட்டகைக்கும் சமையற்கட்டுக்கும் தள்ளி இருக்கட்டும்.

முதல் வழி: சக்கையாகவே எரிப்பது

தர்மபுரி, சேலம் பக்கத்து வெல்ல ஆலைகளைப் பார்த்திருந்தால் இது புதிதாகத் தோன்றாது. அங்கே சாறு காய்ச்சும் அடுப்புக்கு விறகு வாங்குவதில்லை. நேற்றுப் பிழிந்து காயவைத்த சக்கைதான் இன்றைக்கு அடுப்பு. ஒருவர் அடுப்பு வாயில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருப்பார்.

நம் பக்கம் அதற்கு இணையான வேலை கருப்பட்டி காய்ச்சுவது. சாயல்குடி, கடலாடி வட்டாரத்தில் பதநீர் இறங்குவது கோடைக் காலத்தில். ஜூஸ் கடையில் சக்கை அதிகம் விழுவதும், அதைக் காயவைக்க வெயில் கிடைப்பதும் அதே மாதங்கள். மூன்றும் ஒரே பருவத்தில் சேர்வது வேறு எந்த வழிக்கும் இல்லாத வசதி. இப்போது அங்கே பனை ஓலை, மட்டை, கருவேல விறகு எரிகிறது. அவற்றில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சக்கையைக் கொடுக்கலாம்.

எரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சக்கை வைக்கோல் மாதிரி குப்பென்று எரிந்து அடங்கிவிடும். அதனால் கைப்பிடி கனத்துக்கு முறுக்கிக் கட்டிய கட்டுகளாகப் போடுங்கள், தீ நின்று எரியும். அடுப்பின் அடியில் கம்பிச் சல்லடை வைத்துச் சாம்பல் கீழே இறங்க விட்டால் காற்று தாராளமாகப் போகும், புகை குறையும். பதநீரில் தண்ணீர் வற்றும் முதல் கட்டத்துக்குப் பெருந்தீ வேண்டும், அதற்குச் சக்கை நல்லது. பாகு பதம் வரும் கடைசிக் கட்டத்தில் சக்கையை நிறுத்திவிட்டு விறகுத் தணலுக்கு மாறுங்கள். சக்கைத் தீ திடீரென்று எழும்பினால் பாகு அடிபிடித்துக் கருகும். காய்ச்சுகிற அம்மாவிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு கொப்பரை கருகினால் அடுத்த சாக்கை அவர் வாங்க மாட்டார்.

இதில் உண்மையான தடை வண்டிவாடகை. காய்ந்த சக்கைக்கு எடை இல்லை, இடம்தான் அடைக்கும். குட்டியானை வண்டி முழுக்க அடைத்தாலும் அது தாங்கும் எடையில் பாதிகூட ஏறாது. ராமேஸ்வரத்திலிருந்து சாயல்குடிக்குச் சக்கை ஏற்றினால் வாடகையே முதலைத் தின்றுவிடும். ஆகவே தீவுக்குள் சேரும் சக்கை தீவுக்குள்ளேயே எரியட்டும்: சாப்பாட்டுக் கடை, சத்திரம், அன்னதானக் கூடம், பெரிய பாத்திரத்தில் வெந்நீர் போடும் இடம். கருப்பட்டி அடுப்புக்கு ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துக் கடைகளின் சக்கையைச் சேர்ப்பதே சரி.

இரண்டாவது வழி: கரியும் கரிக்கட்டியும்

கரி போடுவதை ராமநாதபுரத்துக்காரருக்குச் சொல்லித்தருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சீமைக் கருவேலத்தை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுகிறவர்கள் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருவர் தெரிந்தவர் என்றால் முதல் தடவை அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சக்கையை மூட்டம் போட முடியாது. சக்கை லேசு, தீ ஓரிடத்தில் நிற்காமல் பாய்ந்து சாம்பலாகிவிடும். அதற்கு டிரம் வேண்டும்.

ஹைட்டி நாட்டில் காடு அழிந்து விறகுக்கே திண்டாட்டம் வந்தபோது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்மித்தும் அவர் மாணவர்களும் கரும்புச் சக்கையைக் கரியாக்க எளிய டிரம் முறை ஒன்றை 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். கீழே சொல்லும் முறை அதைத் தழுவியதுதான்.

200 லிட்டர் பழைய எண்ணெய் டிரம் ஒன்று. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் வேண்டாம். மேல்பக்கத்தை அகலமாக வெட்டித் திறந்து, அதை நன்றாக மூடும் தகர மூடி ஒன்று செய்துகொள்ளுங்கள். அடியில் நாலைந்து ஓட்டை, ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம். டிரம்மை மூன்று கல்லின் மேல் நிறுத்துங்கள். நடுவில் ஒரு கம்பை நட்டு, சுற்றிலும் காய்ந்த சக்கையை நிரப்பி, கம்பை உருவிவிடுங்கள். அந்தத் துளைதான் புகைபோக்கி. ரொம்ப அமுக்கினால் காற்று போகாது, தளர விட்டால் டிரம் கொள்ளாது. பத்துப் பன்னிரண்டு கிலோ பிடிக்கும்.

மேலிருந்து பற்றவைக்க வேண்டும். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும். அது சக்கையில் மிச்சமிருக்கும் ஈரம். காற்றடிக்கும் திசையில் நிற்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் சக்கை கீழே அமுங்க ஆரம்பிக்கும், புகை மெலிந்து தீ தெளிவாக எரியும். அந்தக் கணத்தை விடக் கூடாது. மூடியைப் போட்டு, கல்லை உருவி டிரம்மைத் தரையில் இறக்கி, அடியைச் சுற்றி மண் அணைத்து, மூடி விளிம்பிலும் ஈர மண் பூசிவிடுங்கள். டிரம் கொதிக்கும், தடித்த தோல் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், இரண்டு பேர் இல்லாமல் இந்தக் கட்டத்தைச் செய்யவும் வேண்டாம். புகை எங்காவது கசிந்தால் அங்கே இன்னும் மண் வையுங்கள். காற்று போனால் காலையில் சாம்பல்தான் இருக்கும்.

இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும் என்பார்கள். நான் ராத்திரி முழுக்க விடச் சொல்வேன். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே உறங்கும் தணல் காற்றுப்பட்டு எழும். திறந்ததும் தண்ணீர் தெளித்து, கையால் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் சாக்கில் கட்ட வேண்டும். ஒரு டிரம்முக்கு இரண்டு கிலோ சொச்சம் கரி கிடைக்கும். பழுப்பாக, முழுசாகக் கரியாகாமல் இருக்கும் துண்டுகளை அடுத்த டிரம்மில் போடுங்கள்.

சக்கைக் கரி கையில் எடுத்தாலே பொடிந்துவிடும். அப்படியே விற்க முடியாது, கட்டியாக்க வேண்டும். சாக்கில் போட்டு மிதித்தால் தூளாகும். தூள் ஒரு கிலோவுக்கு மரவள்ளி மாவு 60 முதல் 80 கிராம். முக்கால் லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடி மாதிரி வரும்வரை கஞ்சி காய்ச்சிக்கொள்ளுங்கள். மைதாவும் ஆகும், விலைதான் கூடுதல். கஞ்சியை மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. இரண்டு அங்குலக் குழாய்த் துண்டில் போட்டு மரக்கட்டையால் இடித்துத் தள்ளினால் கட்டி தயார். வெயிலில் நாலைந்து நாள். காய்ந்த கட்டியை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். இரண்டாக உடைந்தால் பரவாயில்லை, தூளாக உதிர்ந்தால் கஞ்சி போதவில்லை.

விற்பனைதான் யோசிக்க வேண்டிய இடம். கருவேலக் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் மாவட்டத்தில் சக்கைக் கரியை அடுப்புக் கரியாக விற்கப் போனால் விலையில் தோற்றுவிடுவீர்கள். அது கனமானது, நின்று எரிவது. சக்கைக் கட்டி எடை குறைவு, சாம்பல் கூடுதல். ஆனால் ஒரே அளவான கட்டி, தீப்பொறி தெறிக்காது, புகை குறைவு. டீக்கடை பாய்லர், இஸ்திரி போடுகிறவர்கள், மீன் சுடும் கடைகள் ஆகிய இடங்களில் இதைக் கேட்பார்கள். சாம்பிராணிக் கட்டிக்கும் ஊதுபத்திக்கும் அடிப்படையே மெல்லிய கரித்தூள்தான். கோயில் ஊரில் அதற்குக் கிராக்கி எப்போதும் உண்டு, தூளைச் சலித்துத் தர வேண்டும், அவ்வளவே. மாதிரிக்கு அரைக் கிலோ கொடுத்து, அவர்கள் சரி என்ற பிறகு இரண்டாவது டிரம் வாங்குங்கள்.

எந்தக் கரியானாலும் மூடிய அறைக்குள் எரிக்கக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது. மழை ராத்திரியில் குளிருக்குத் தணல் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தி ஒவ்வொரு வருஷமும் எங்கிருந்தாவது வருகிறது.

டிரம்மைக் கடற்கரையில் வைக்காதீர்கள். மன்னார் வளைகுடாக் கரை பாதுகாக்கப்பட்ட பகுதி, கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. சொந்த இடத்தில், வீடுகளுக்குத் தள்ளி, ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது வழி: மீன் கழிவோடு உரம்

என்னைக் கேட்டால் பாம்பன், மண்டபம் மாதிரி ஊர்களுக்கு இதுதான் பொருத்தம். சக்கையில் கரிமச்சத்து ஏராளம், தழைச்சத்து அறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. மீன் கழிவில் நேர்மாறு. சக்கையைத் தனியாகப் போட்டால் வருஷம் ஆனாலும் மக்காது. மீன் கழிவைத் தனியாகப் போட்டால் மறுநாளே ஊர் நாறும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

அளவு எடையில்: ஒரு பங்கு மீன் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சக்கை. கண்ணுக்குச் சக்கை மலையாகவும் மீன் கையளவாகவும் தெரியும். பயந்து மீனைக் கூட்டிவிடாதீர்கள், அங்கேதான் நாற்றம் தொடங்கும். குடல், தலை, செதில் எல்லாம் ஆகும். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம், அதில் உப்பு அதிகம். சக்கையை நான்கு விரல் நீளத்துக்கு நறுக்கினால் சீக்கிரம் மக்கும். மாட்டுத் தீவனம் வெட்டும் எந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் வேலை சுலபம்.

நிழலில், தண்ணீர் தேங்காத இடத்தில், இடுப்பளவு உயரம், இரண்டு முழத்துக்கு மேல் அகலம். அடியில் ஒரு முழம் சக்கை. அதன்மேல் மீன் கழிவை மெல்லியதாகப் பரப்பி உடனே சக்கையால் மூடுங்கள். நடுவில் ஒரு சட்டி சாணிக் கரைசல் தெளித்தால் நுண்ணுயிருக்கு விதை போட்டதுபோல. இப்படியே அடுக்கி, உச்சியில் ஒரு சாண் சக்கை. மீன் எங்கும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் நாயும் காக்காவும் உங்கள் வேலையைக் கலைத்துவிடும். சுற்றிலும் பழைய வலையைக் கட்டுங்கள்.

தண்ணீர்தான் இங்கே சோதனை. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதையே மாதக்கணக்கில் ஊற்றினால் உரமும் உப்பாகும். குடிக்க முடிகிற தண்ணீர் எதுவோ அதுதான் உரத்துக்கும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்று நாலு நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். கையை உள்ளே விட்டால் வைத்திருக்க முடியாது. அந்தச் சூடு கிருமிகளையும் களை விதைகளையும் கொன்றுவிடும். இரண்டு வாரம் கழித்துப் புரட்டுங்கள், பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அம்மோனியா வாடை மூக்கில் ஏறினால் மீன் அதிகம், சக்கை சேருங்கள். சூடே ஏறவில்லை என்றால் ஈரம் பத்தவில்லை அல்லது தழைச்சத்து பத்தவில்லை.

மூன்று நாலு மாதத்தில் கறுத்து, மண்வாசனை வரும். முதல் தடவை எடுத்த உரத்தை ராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து உப்பு அளவையும் காரத்தன்மையையும் பார்க்கச் சொல்லுங்கள். மணல் நிலத்தில் ஊற்றும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது, இந்த உரம் அதைப் பிடித்து வைக்கும். முருங்கை, தென்னங்கன்று, குண்டு மிளகாய் எல்லாவற்றுக்கும் ஆகும். மீன் கழிவு கிடைக்காத, கரையை விட்டு உள்ளே தள்ளிய ஊர்களில் மாட்டுச்சாணம் போதும், ஆனால் சக்கைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ சாணி வேண்டும். காலமும் கூடும்.

அடுப்புச் சாம்பலையும் கரித்தூளையும் எல்லா வயலிலும் அள்ளிக் கொட்டாதீர்கள். இரண்டும் காரத்தன்மை உள்ளவை. நம் மாவட்டத்தில் ஏற்கனவே களர் ஏறிய நிலம் நிறைய. மண் பரிசோதனைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவை, சுருக்கமாக

உரம் போடவும் நேரமில்லை என்றால் காய்ந்த சக்கையை மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். தரையிலிருந்து தண்ணீர் ஆவியாவது குறையும், அதோடு மேலேறி வரும் உப்பும் குறையும். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், கரையானுக்குச் சக்கை விருந்து. பச்சையாக மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அது மக்கும்போது பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

காளான் வளரும். சிப்பிக் காளானுக்குச் சக்கை நல்ல படுக்கை, ஆனால் ஜூஸ் கடைச் சக்கையை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி இனிப்பை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் காளானுக்கு முன் பச்சைப் பூசணம் வந்துவிடும். நம் கோடைச் சூட்டுக்கு 30 முதல் 35 டிகிரியில் வளரும் பால் காளான் தோதுப்படும்.

மாட்டுத் தீவனமா? சக்கையில் சத்து இல்லை, செரிப்பதும் கடினம். பச்சையாகத் தின்னக் கொடுக்க வேண்டியது கரும்பு நுனியில் இருக்கும் இலைக் கொழுந்தாடை, சக்கை அல்ல. சாண எரிவாயுக் கலனில் சக்கையைப் போடவே வேண்டாம். மேலே ஆடையாக மிதந்து அடைத்துக்கொள்ளும், வாயுவும் வராது. சக்கைத் தட்டு, கிண்ணம் செய்கிற தொழில், 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்த பிறகு நன்றாக நடக்கிறது. ஆனால் அதற்குச் சக்கையைக் கூழாக்க வேண்டும், சூட்டில் அழுத்தும் எந்திரம் வேண்டும். நாலு கடைச் சக்கைக்கு அது கட்டாது. சக்கையை அழுத்திப் பிசின் இல்லாமல் எரிகட்டி (பிரிக்கெட்) போடும் எந்திரத்துக்கும் இதே பதில்தான். அதற்குத் தினமும் டன் கணக்கில் தீனி வேண்டும்.

பருவம் பார்த்து

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதம் காயவைப்பதை நிறுத்திவிடுங்கள், டிரம்மையும் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வருகிற சக்கை எல்லாம் நேராக உரக் குவியலுக்கு. மழையில் குவியல் ஊறாமல் மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் காற்றுக்கு வழி. ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் வீட்டு வாசல்களில் கரும்புத் தோகையும் அடிக்கட்டையும் கடித்துத் துப்பிய சக்கையும் சேரும். கொழுந்தாடையை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பரப்புங்கள். அந்த வெயில் கோடை வெயில் மாதிரி இருக்காது, ஐந்தாறு நாள் ஆகும். பிப்ரவரிக்குள் பத்துச் சாக்கு காய்ந்த சக்கை கையில் இருந்தால், முதல் பதநீர் இறங்கும்போது கருப்பட்டி அடுப்புக்காரரிடம் போய்ப் பேசலாம்.